அவரிடம் சொன்ன வாக்கியங்கள்

சோபா தைப்பவருக்கு ஆங்கிலம் தேவைப்படவே இல்லை. கிழிந்த ரெக்சினும் அமுங்கிப்போன ஃபோமும் எந்த மொழியிலும் ஒன்றுதான். தேவைப்பட்டது அவர் மனைவிக்கு. கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, "கண்ணைத் திறக்காம உட்காருங்க, நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். முன்மேசையில் தொலைபேசி எடுக்கும் இடம் காலியாகப் போகிறது, ஆங்கிலம் பேச வந்தால் அது உனக்குத்தான் என்று டாக்டர் சொன்னதும், கடைத்தெருவில் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் நடந்த மாலை வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவில் ஒரு பேச்சுத் தேர்வு, தேறினால் சான்றிதழ்.

"தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. நீங்களும் வாங்களேன்."

"நான் வந்து என்ன பண்றது? சோபாவோட இங்கிலீஷ்ல பேசவா?"

"சும்மா பக்கத்துல உட்காருங்க, போதும்."

பக்கத்தில் உட்காரலாம் என்று நம்பித்தான் அவர் போனார். முதல் நாளே டீச்சர் அந்த நம்பிக்கையைக் கெடுத்தார். ஒரே வீட்டுக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் தமிழில்தான் பேசுவார்கள், அதனால் ஜோடியைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பேன் என்றார். குலுக்கினார். சோபாக்காரருக்கு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் வாய்த்தார். மனைவிக்கு லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்.

லிஃப்ட்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தொந்தி உண்டு. முடியும் முன்பக்கம் விடைபெற்றுக்கொண்டிருந்தது. பொறாமைப்பட அவரிடம் ஒன்றும் இல்லை என்று சோபாக்காரர் அன்றைக்கு நிம்மதியாகத்தான் வீடு திரும்பினார்.

பாடம் இருசொல் வினைகளுக்கு வந்தபோதுதான் வினையே ஆரம்பித்தது. ஒரு சின்ன வினைச்சொல், அதன் பின்னால் ஒரு வால், வால் மாறினால் பொருளே மாறிவிடும் என்று டீச்சர் பலகையில் எழுதிக் காட்டினார். "லுக் ஆஃப்டர்னா பார்த்துக்கிறது. லுக் ஃபார்னா தேடுறது. லுக் டவுன் ஆன்னா இளக்காரமாப் பார்க்கிறது. லுக் ஃபார்வர்ட் டுன்னா எப்ப வரும், எப்ப வரும்னு ஆசையா வழி பார்த்துக்கிட்டு இருக்கிறது."

"இது அநியாயம் டீச்சர்," என்றார் ஓட்டுநர். "பார்க்கிறதுன்னா பார்க்கிறதுதானே?"

"நம்ம 'விடு' மட்டும் என்னவாம்? விட்டுக்கொடுக்கிறது, விட்டெறியறது, கைவிடறது, எல்லாம் ஒண்ணா? அதை மட்டும் எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

ஓட்டுநர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்கு எந்த வினையைக் கொடுத்தாலும் அதைப் பேருந்தில்தான் ஏற்றுவார். கெட் ஆன் என்றால் ஏறு, கெட் ஆஃப் என்றால் இறங்கு, புல் ஓவர் என்றால் ஓரம் கட்டு. "புட் அப் வித்" என்றால் சகித்துக்கொள்வது என்று டீச்சர் சொன்னதற்கு, படிக்கட்டில் தொங்கும் பயணிகளைச் சகித்துக்கொண்டேன் என்று வாக்கியம் அமைத்தார். அவரோடு பேசிப் பேசி, சோபாக்காரரின் ஆங்கிலமும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்றுதான் போனது.

எதிர்ப்பக்கம் லிஃப்ட்காரரும் சோபாக்காரரின் மனைவியும் வேறு மாதிரி முன்னேறிக்கொண்டிருந்தார்கள். 'உறவுகள்' என்ற பாடத்துக்கு ஒவ்வொரு ஜோடியும் தானே ஓர் உரையாடல் எழுதி நடித்துக்காட்ட வேண்டும். தேர்விலும் அதுதான். கடை ஒன்றைச் சேர்ந்து நடத்திய இரண்டு பழைய நண்பர்கள் சண்டை போட்டுப் பிரிந்து மறுபடி சேர்வதாக அவர்கள் இருவரும் எழுதியிருந்தார்கள். கடை என்ற சொல் முதல் வரியோடு சரி. அதற்கப்புறம் வந்ததெல்லாம் சோபாக்காரருக்கு வேறு விதமாகக் கேட்டது.

"யூ லெட் மீ டவுன்," என்றாள் அவர் மனைவி லிஃப்ட்காரரைப் பார்த்து. நம்பியிருந்தேன், ஏமாற்றிவிட்டாய். "பட் ஐ நெவர் கேவ் அப் ஆன் யூ." ஆனாலும் உன்னைக் கைவிட நினைத்ததே இல்லை.

லிஃப்ட்காரர் கொஞ்சம் சும்மா நின்றார். பிறகு தணிந்த குரலில், "கேன் வீ மேக் அப்?" என்றார். சமாதானமாகிவிடலாமா?

"ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் கால் எவ்ரி டே," என்றாள் அவள்.

வகுப்பு கைதட்டியது. ஓட்டுநர் விசிலே அடித்தார். சோபாக்காரர் தரையில் ஒட்டியிருந்த பபுள் கம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அவன் அழைப்புக்காகக் காத்திருக்கிறாளாம். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். கடையிலிருந்து அவர் தினமும் கூப்பிடுகிறார். "என்ன?" என்றுதான் எடுப்பாள்.

கையைத் தூக்கினார். "டீச்சர், இந்த 'யூ' இருக்கே, அது நீயா, நீங்களா?"

"ரெண்டும்தான்."

"இப்ப இவங்க சொன்னது?"

"அது பேசுறவங்க மனசைப் பொறுத்தது," என்றார் டீச்சர். அந்தப் பதில் அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

தமிழாக இருந்தால் இத்தனை தொல்லை வந்திருக்காது. அவன் அக்கா என்று கூப்பிட்டிருப்பான், இவள் தம்பி என்றோ அண்ணன் என்றோ சொல்லியிருப்பாள், பாதி நோய் அதிலேயே தீர்ந்திருக்கும். வகுப்புக்குள் அக்கா, அண்ணன், மாமா எதுவும் கூடாது என்று டீச்சர் தடை போட்டிருந்தார்.

வீட்டிலும் அது தொடர்ந்தது. பாத்திரம் விளக்கும்போது அவள் அந்த வரிகளை முணுமுணுத்தாள். துணி மடிக்கும்போது முணுமுணுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் லிஃப்ட்காரர் தொலைபேசியில் வருவார், இருவரும் பயிற்சி செய்வார்கள், நடுவே அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் செரிக்க முடியவில்லை.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணும் இல்லைங்க. நாளைக்கு உங்க வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போறேன்னு சொல்லணும். 'டிராப் இன்'னு சொல்றதுக்குப் பதிலா 'டிராப் ஆஃப்'னுட்டார். வந்த இடத்துல தூங்கி விழுவாராம்."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

புரியாது! அன்றிலிருந்து அவர் படித்த படிப்பை வகுப்பில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். தனக்கும் ஓட்டுநருக்கும் உரிய வரிகளை அல்ல, லிஃப்ட்காரரின் வரிகளை. சணல் பட்டையை இழுத்துக் கட்டும்போதும், ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக அடிக்கும்போதும் அவை மனதுக்குள் ஓடின. அந்த ஆள் எங்கே நிறுத்துகிறான், எங்கே குரலைத் தணிக்கிறான் என்பது வரை அத்துப்படியாகிவிட்டது. எதற்காகப் படிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. நாக்கு சொத்தைப் பல்லுக்கே போவது மாதிரி, மனம் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் வாடிக்கையாளர் வீட்டு நாற்காலி உறையின் ஓரத்துக்குப் பைப்பிங் பட்டை தைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. அவளும் அவரும் தமிழில் என்னதான் பேசுகிறார்கள்? கேஸ் தீரப்போகுது. கதவைச் சாத்துங்க. மாத்திரை போட்டாச்சா? உன் அழைப்புக்காகக் காத்திருக்கிறேன் என்று தமிழில் ஒருமுறைகூட அவள் அவரிடம் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. சொன்னால் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டிருப்பாள்.

தேர்வன்று மத்தியானம், லிஃப்ட்காரர் ஸ்கூட்டரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சீட் கிழிந்து ஃபோம் எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இதைக் கொஞ்சம் தைச்சுக் கொடுங்க. சாயங்காலம் தேர்வுக்கு இதுலதான் வரணும். இப்படி உட்கார்ந்து வந்தா பேன்ட் கிழிஞ்சிடும், தேர்வும் கிழிஞ்சிடும்."

வெளியில் என்றால் அண்ணன் வருகிறது, வகுப்பில்தான் வரவில்லை என்று சோபாக்காரர் மனதுக்குள் குறித்துக்கொண்டார். சீட்டைக் கழற்றினார், பழைய உறையை உரித்தார், புதிய ரெக்சினை இழுத்துப் பிடித்து அடித்தார். வேலையில் குறை வைக்கவில்லை. லிஃப்ட்காரர் முக்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்.

"உங்க வீட்டம்மா எவ்வளவு அழகாச் சொல்றாங்கண்ணே! அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது எனக்கே நிஜம் மாதிரி இருக்கும்."

ஆணி ஒன்று உதட்டிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. சோபாக்காரர் அதைத் தேடுவதற்குக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் வாயிலிருந்து அந்தப் பொய் வந்தது. முன்கூட்டி யோசித்து வைத்ததல்ல. தானாக வந்தது.

"சொல்ல மறந்துட்டேன். இன்னைக்குத் தேர்வு இல்லையாம். டீச்சருக்குக் காய்ச்சல். கால்ட் ஆஃப்."

"அப்படியா? உங்க வீட்டம்மா ஒண்ணும் சொல்லலையே?"

"இப்பதான் அவளுக்கே தெரியும். நான் சொல்லிடுறேன்னு சொன்னேன்."

"அடடா." லிஃப்ட்காரரின் முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் புதுச் சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது சிரித்தார். "கால்ட் ஆஃப்! கச்சிதமாப் போட்டீங்கண்ணே. உங்களுக்கு இங்கிலீஷ் வந்துடுச்சு."

சாயங்காலம் தேர்வாளர் வந்திருந்தார், கண்ணாடி போட்ட கறாரான பெண்மணி. சோபாக்காரரும் ஓட்டுநரும் முதலில் போய்த் தங்கள் பேருந்தை எப்படியோ கரை சேர்த்தார்கள். அடுத்து அவர் மனைவியின் முறை. லிஃப்ட்காரரைக் காணோம். தேர்வு அறைக்குள் தொலைபேசியை அணைத்து வைக்கச் சொல்லியிருந்ததால் கூப்பிட்டுப் பார்க்கவும் முடியவில்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையும் அவரைச் சுட்டது.

"ஜோடி இல்லாமல் தேர்வு நடத்த முடியாது," என்றார் தேர்வாளர்.

"நான் நிக்கிறேன்," என்றார் சோபாக்காரர். "எனக்கு வரிகள் தெரியும்."

டீச்சர் நம்பவில்லை. ஆனால் சோபாக்காரர் ஆரம்பித்ததும் டீச்சர் கையிலிருந்த தாளில் வரிகளைச் சரிபார்த்தார். வால் ஒன்றுகூடத் தவறவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தணிக்க வேண்டிய இடத்தில் தணித்து, "கேன் வீ மேக் அப்?" என்று அவர் கேட்டபோது ஓட்டுநர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்போது அவள் சொல்ல வேண்டும். சோபாக்காரர் இத்தனை நாள் ஏங்கிய வரி அது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். கழுத்துவரை சிவந்துபோனாள். "ஐ லுக்..." என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். "ஐ லுக் ஆஃப்டர் டு யுவர்..." நின்றாள். மூன்றாவது முறை வரவே இல்லை. தேர்வாளர் பேனாவை மூடினார்.

அவனிடம் தண்ணீர் மாதிரி ஓடியது. என்னிடம் வரவில்லை. படியிறங்கும்போது சோபாக்காரருக்கு இதுவே மண்டையைக் குடைந்தது. அவள் தேறவில்லை என்பது இன்னும் அவர் மனதுக்குள் நுழையவே இல்லை.

தெருவில் அவள்தான் முதலில் பேசினாள். குரலில் கோபம் இல்லை. "அத்தனை வரியும் எப்பப் படிச்சீங்க?"

"சும்மா... கேட்டுக் கேட்டு."

"நான் தேறணும்னு எனக்காகப் படிச்சீங்களா?" அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருவில், ஆட்கள் நடமாடும் இடத்தில், அவள் அப்படிப் பிடித்து எத்தனையோ வருஷமாகிறது. "எனக்குத்தான் வெட்கமாப் போச்சுங்க. அவர்கிட்டன்னா அது பாடம். உங்க முகத்தைப் பார்த்துச் சொல்றப்ப நிஜமாவே சொல்ற மாதிரி ஆகிடுச்சு. நாக்கே புரளலை."

அவர் அந்தக் கையின் சூட்டோடு நடந்தார். செருப்புக் கடையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. நிறுத்தத்தில் அவள் தொலைபேசியைத் திறந்தாள். அது உடனே அடித்தது.

"என்ன மேடம், போன் போகவே மாட்டேங்குது?" லிஃப்ட்காரரின் குரல் அவருக்கும் கேட்டது. "டீச்சருக்கு இப்பக் காய்ச்சல் எப்படி இருக்கு? தேர்வு எப்ப வச்சிருக்காங்களாம்?"

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "யார் சொன்னாங்க?" என்றாள். பதிலையும் கேட்டாள். அவர் முழங்கையிலிருந்து கையை எடுத்தாள்.

வீட்டில் அதற்கப்புறம் அவள் அவரிடம் பேசவில்லை, குளிர்சாதனப் பெட்டியிடம் பேசினாள். "சாப்பாடு மேசையில இருக்கு" என்று அதனிடம் சொன்னாள். "நாளைக்குத் தண்ணி வராது" என்றும் அதனிடம் சொன்னாள். இரண்டாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை.

"அவன்கிட்டப் பேச உனக்கு நல்லா இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நல்லாத்தான் இருக்கு. என்ன இப்ப? நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா அவர் முடிக்கிற வரைக்கும் கேட்கிறார். தடுமாறினா காத்திருக்கார். நீங்க? நான் பாதி சொல்றதுக்குள்ள 'சரி சரி'ங்கறீங்க. பதினைஞ்சு வருஷமா என் பேச்சு பாதியிலதான் நிக்குது. அதைக் கேட்க ஒரு ஆள் கிடைச்சா, அது பாடத்துக்காகவே இருந்தாலும், நல்லா இருக்காதா?"

"சரி ச—" என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"முன்மேசை வேலை போச்சுன்னா அது உங்களாலதான்," என்றாள் அவள். மறுபடி குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அவர் கடையைப் பூட்டிவிட்டு லிஃப்ட்காரரைத் தேடிப் போனார். அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள், ஆள் மொட்டை மாடி மோட்டார் அறையில் இருந்தார். லிஃப்ட் ஓடாததால் சோபாக்காரர் படியேறித்தான் போக வேண்டியிருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது மன்னிப்புக் கேட்க மூச்சு இல்லை. கிரீஸ் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, துண்டு துண்டாகச் சொன்னார்.

லிஃப்ட்காரர் பழந்துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு கேட்டார். சிரிக்கவில்லை.

"எதுக்குண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"பொறாமை."

"என் மேலயா?" அவர் தன் தொந்தியை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு முகம் இறுகியது. "எனக்கும் அது தேர்வுதான். அதுக்காக மூணு பேர்கிட்டக் கெஞ்சி ஷிஃப்ட் மாத்தி வச்சிருந்தேன். நீங்க பாட்டுக்குச் சாதாரணமா ஒரு பொய் சொல்லி, அதுல நான் உங்களைப் பாராட்டினேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வருது."

சோபாக்காரர் தலை குனிந்தார். "அவ பேசும்போது நீங்க காத்திருக்கீங்களாம்."

"வேற என்ன பண்றது? அவங்களுக்கு வரி வரணும், அப்பதான் என் வரியை நான் சொல்ல முடியும்." தோளைக் குலுக்கினார். "டீச்சர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

காத்திருப்பது மாதிரி இவ்வளவு அற்பமான விஷயத்தில் இவன் நம்மைத் தோற்கடித்துவிட்டானே என்று, இறங்கும்போது படிக்குப் படி சோபாக்காரரின் வயிறு எரிந்தது. மன்னிப்புக் கேட்டால் பொறாமை போய்விடும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அது பொய்.

டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பை ஒத்துக்கிறதுக்கு 'ஓன் அப்'னு ஒரு வினை இருக்கு. மேல்நிலை வகுப்புலதான் வருது. நீங்க முந்திக்கிட்டீங்க." தேர்வாளரிடம் பேசி, அந்த இரண்டு பேருக்கும் மட்டும் மறுதேர்வு வாங்கிக் கொடுத்தார். "நீங்க வரலாம். கடைசி பெஞ்ச்ல உட்காரணும். வாயைத் திறக்கக் கூடாது."

மறுதேர்வில் அவள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. லிஃப்ட்காரரின் கண்ணைப் பார்த்து, கைவிட நினைத்ததே இல்லை என்றாள், தினமும் உன் அழைப்புக்காகக் காத்திருக்கிறேன் என்றாள். சோபாக்காரர் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. கடைசிச் சொல் வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு வாக்கியமும் ஊசி மாதிரி இறங்கியது. அவள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தேர்வாளர் தலையாட்டினார். இருவரும் தேறினார்கள்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள். குளிர்சாதனப் பெட்டி அருகில் இல்லாததால் அவரிடமே கேட்க வேண்டியிருந்தது.

"நல்லாப் பேசின. எனக்குப் பிடிக்கலை."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து முதலில் பயந்துபோனார். சிரிக்கிறாள்.

"மத்தியானம் கடையில," என்றார் அவர், முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டதும் உன்னைக் கூப்பிடுறேனே, அது கேஸ் இருக்கான்னு கேட்கிறதுக்கு இல்ல. குரலைக் கேட்கலாம்னுதான். என்ன கேட்கிறதுன்னு தெரியாம கேஸைக் கேட்டுடுறேன்."

"என்னது?"

"கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு. இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஆளுங்க இருக்காங்க."

அவள் வற்புறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மருத்துவமனையில் அன்று நடந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே தூங்கி, பக்கத்திலிருந்த டாக்டரின் மாமியார் தோளில் சாய்ந்துவிட்டாராம். நீளமான கதை. நடுவில் இரண்டு முறை அவருக்கு 'சரி சரி' தொண்டை வரைக்கும் வந்தது. இரண்டு முறையும் விழுங்கினார். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது. கதை முடியவில்லை. அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தார்கள்.

அடுத்த மாதம் அவள் முன்மேசைக்கு மாறினாள். மேல்நிலை வகுப்பிலும் சேர்ந்தாள். அங்கே சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு ஜோடியாக வந்தவர் பல் செட் கட்டிய ஒரு முன்னாள் தபால்காரர், எழுபதைத் தாண்டியவர். சோபாக்காரர் அவரை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படி?" என்றாள் அவள்.

"பரவாயில்லை," என்றார் அவர். ஆனால் சிரிக்கும்போது அந்த ஆள் கொஞ்சம் அழகாகத்தான் இருந்தார். அதை அவளிடம் அவர் சொல்லவில்லை.